இராக்கம்மா காய வைத்த தண்ணீர் மருந்து

இராக்கம்மாவுக்கு ரகசியம் பேச வராது. இலங்கையில் பசறைக்கு மேலே நீலவத்தைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து மலையில் நின்றுகொண்டு அவள் "ஏய், இந்தாய்யா!" என்று புருஷனைக் கூப்பிட்டால், அடுத்த மலையில் நிற்கிற ஊரார் புருஷன்மாரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள். சிரிப்பு அதைவிட மோசம். கங்காணி திட்டிக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிடுவாள். அதைப் பார்த்துத் திட்டுகிறவனுக்கும் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் என்ன திட்டு வேண்டிக்கிடக்கிறது? அவனும் போய்விடுவான்.

இப்படிப்பட்டவளைத் துரையின் பங்களாவில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் நம்புவீர்களா? அதற்குக் காரணம் தண்ணீர்.

வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை முடிந்து ஊர் திரும்பிய துரை, வந்ததும் வராததுமாகப் பங்களாவுக்குப் பின்னால் ஒரு நீச்சல் தொட்டி கட்டினார். அப்போது பதுளைக்கு ரயில்கூட வரவில்லை. சீமெந்து மூட்டையெல்லாம் பண்டாரவளையிலிருந்து மாட்டுவண்டியில் முக்கி முனகி வந்தது. கட்டி முடித்தபோது, வரிசை வீடுகளில் அடைந்து கிடக்கிற லயத்துச் சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நாலைந்து லயத்து வீட்டைத் தூக்கி அப்படியே உள்ளே வைக்கலாம். ஒரு மனுஷன் குளிக்க இவ்வளவு தண்ணீரா? அந்தத் தண்ணீரில் ஒரு முனி குடியிருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, தொட்டியில் விழுகிற இலையை அள்ள ஒருத்தரும் கிட்டப் போகவில்லை.

"தண்ணிக்கு பயம் இல்லாத ஆள் யார்?" என்று துரைசானி, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கே வந்து கேட்டார்.

"நான்தாங்க!" என்றாள் இராக்கம்மா. களமே அதிர்ந்தது. "நான் முசிறிக்காரிங்க தொரசானி. காவேரியில விழுந்து எந்திரிச்சவ. முனி வந்தா அதுக்கும் ரெண்டு முங்கு நீச்சல் கத்துக் குடுப்பேன்."

அன்றைக்கே கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, நீளக் கம்பில் கட்டிய வலையும் மூங்கிலில் மாட்டிய தேய்ப்பானுமாகத் தொட்டிக்கரைக்கு வந்துவிட்டாள். ஒரே ஒரு உத்தரவுதான்: தண்ணீரில் கை வைக்கலாம், கால் வைக்கக் கூடாது. என்ன கொடுமை பாருங்கள்! நீச்சல் தெரிந்தவளைக் கரையிலேயே கட்டிப்போட்டு வேடிக்கை காட்டுகிற மாதிரி. வெயில் ஏறினால் அவளுக்கு உடம்பெல்லாம் பரபரக்கும். வலையை ஓங்கி வீசி, தெறிக்கிற தண்ணீரில் முகத்தை நனைத்துக்கொண்டு தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

ஆடி பிறந்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் துரைசானி தனியாகத் தொட்டிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது போய் நின்றாள்.

"தொரசானி அம்மா, எங்களுக்கு ஆடிப்பெருக்கு வருதுங்க. ஆத்துக்கு மஞ்சளும் காப்பரிசியும் வச்சுக் கும்பிட்டு, தலை முழுகணும். இங்க ஆறு ஏது? ஓடை வேற வத்திப்போச்சு. ஒரே ஒரு நாளு, எங்க பொம்பளைங்க இந்தத் தொட்டியில முழுகிக்கிறோமுங்க."

துரைசானிக்கு அவளைப் பிடிக்கும். போய்த் துரையிடம் சொன்னார். துரை வெளியே வந்து தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் தவறில்லை. ஊவாவில் ஆடி மாதம் மழை கிடையாது, காற்றுத்தான். ஓடையிலிருந்து வருகிற குழாய் சொட்டுச் சொட்டாக வடிந்தது. தேங்கிய தண்ணீர் பச்சை பிடித்து, கீரை கடைந்து ஊற்றிய மாதிரி கிடந்தது.

"அடுத்த வாரம் சனிக்கிழமை என் சிநேகிதர் எல்லாம் வரும்," என்றார் துரை தன் தமிழில். "தண்ணி சுத்தம் ஆகி, தொட்டி அடி எனக்குத் தெரியணும். தெரிஞ்சா, ஞாயித்துக்கிழமை நீங்க குளி. பச்சை இருந்தா, திங்கக்கிழமை மண் போட்டு மூடு. கோவா போடு."

கோவா என்றால் முட்டைக்கோஸ். காவேரி மாதிரி அவள் பார்த்துப் பார்த்து வைத்திருந்த தொட்டியில் முட்டைக்கோஸ்!

இந்தப் பேச்சை இராக்கம்மா யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளிடம் ரகசியம் தங்குமா? பொழுது சாய்வதற்குள் மூன்று லயத்துக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் தலைகால் புரியாமல் ஆடினார்கள். ஒருத்தி படையலுக்குக் காதோலையும் கருகமணியும் வாங்க ஆள் அனுப்பினாள். ஒருத்தி காப்பரிசிக்கு வெல்லம் பதுக்கினாள். அடுத்த வீட்டுப் பூவம்மா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்டி இராக்கு, தண்ணி தெளியாம போச்சுன்னு வையி, அந்தப் பச்சைத் தண்ணியில உன்னத்தான் மொதல்ல முக்குவோம். பாத்துக்க."

"தெளியும்டி! தெளியலேன்னா என் பேரு இராக்கம்மா இல்ல!" என்று கத்தினாள் இவள்.

துரை வெறுமனே மிரட்டவில்லை, வழியும் சொன்னார். சண்டைக்களத்தில் பட்டாளத்துத் தண்ணீர் வண்டியில் போடுவார்களாம், பிளீச்சிங் பவுடர் என்று ஒரு வெள்ளைத் தூள். அதைப் போட்டால் எப்பேர்ப்பட்ட அழுக்குத் தண்ணீரும் குடிக்கலாமாம். பதுளையிலிருந்து ஒரு டின் வாங்கிவரச் சொல்லிப் பங்களா அப்பு வடிவேலிடம் சொன்னார்.

வடிவேல் அப்பு பங்களாச் சமையலுக்கும் வேலையாட்களுக்கும் பெரிய தலை. வெள்ளைக் கோட்டில் கஞ்சி மொடமொடக்கும். அவருக்கு இந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. விருந்தாளிகள் தொட்டியில் கிடந்தால் அவர்தானே தட்டைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் இறங்கி ஏற வேண்டும்? முழங்கால் வலி அவருக்கு. தொட்டி மண்ணாய்ப் போனால் ஊருக்கே சோறு போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டதாகக்கூடக் கேள்வி.

"இந்தா, உன் மருந்து," என்று டின்னைத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்தார். "கோவாத் தோட்டத்துக்கு நீதான் தண்ணி ஊத்தணும், இப்பவே சொல்லிட்டேன்."

லயத்துக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தாள் இராக்கம்மா. அவ்வளவுதான்! மூக்கில் யாரோ ஊசியை ஏற்றிய மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் நின்ற ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு வீடு தள்ளியிருந்தவர்களும் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"கெட்டுப்போன சரக்கைத் தலையில கட்டிட்டான்யா!" என்று அலறினாள்.

கெட்டுப்போன சரக்கை ஒரு குடும்பப் பெண் என்ன செய்வாள்? தோட்டத்து அரிசியில் முடை நாற்றம் அடித்தால் வெயிலில் போடுவாள். பருப்பில் வண்டு வந்தால் வெயிலில் போடுவாள். மல்லித்தூள், மிளகாய்த்தூள், புழுங்கிப்போன மாவு, எல்லாவற்றுக்கும் வெயில்தான் வைத்தியம். இராக்கம்மாவும் அதைத்தான் செய்தாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கட்டியெல்லாம் உடைத்து, லயத்து வாசலில் சாக்கை விரித்துத் தூளைப் பரப்பிவிட்டாள். குபுகுபுவென்று நாற்றம் எழுந்து காற்றோடு போயிற்று. காகம் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் கையால் துழாவித் துழாவிக் காயவைத்தாள். அடுத்த நாளும் விடவில்லை. கடைசியில் குனிந்து முகர்ந்து பார்த்தாள். நாற்றம் சுத்தமாக இல்லை! அவளுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா, எப்படிப் பக்குவப்படுத்திட்டேன்!" என்று புருஷன் கந்தப்பனிடம் பெருமையடித்துக்கொண்டாள். கந்தப்பன் நல்ல மனுஷன். தன் சேவலைத் தவிர வேறு எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல மாட்டான். "ஆமா," என்றான்.

பக்குவப்படுத்திய மருந்தைக் கூடையோடு கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினாள். வெள்ளையாகக் கொஞ்ச நேரம் மிதந்தது. அப்புறம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் விடிந்தது. பச்சை அப்படியே இருந்தது. அதற்கும் மறுநாள் இன்னும் கெட்டியாகப் பச்சை. மூலையில் ஒரு தவளைக் குடும்பம் சௌக்கியமாக உட்கார்ந்து கத்தியது. படியில் நின்று பார்த்த வடிவேல் அப்புவின் முகம் கல்யாண வீடாகியது.

"மண்வெட்டி எத்தன வேணும்னு தொரை கேட்டாரு," என்றார்.

இராக்கம்மா வலையைச் சுருட்டி வைத்துவிட்டு லயத்துக்கு நடந்தாள். வெல்லம் பதுக்கியவளும், காதோலைக்குச் சொல்லிவிட்டவளும் கண்முன்னால் வந்து நின்றார்கள். வீட்டுக்கு வந்து, கோபத்தை எதன்மேல் காட்டுவது என்று தெரியாமல், காய வைத்த சாக்கை எடுத்து உதறினாள். சாக்கு அவள் கையிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்தது.

திகைத்துப் போனாள். புதுச் சாக்கு அது. பழுப்பு நிறச் சாக்கு, வெளுத்துப்போய், நார் நாராகப் பிய்ந்து கிடந்தது. கொடியில் பக்கத்தில் தொங்கிய அவளுடைய செவ்வாழை நிறச் சேலையிலும் தூள் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. ஓடிப்போய் வெறும் டின்னைத் தூக்கினாள். ஓரத்து மடிப்பில், வெயில் படாத இடத்தில், ஒரு சிட்டிகைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்தாள். படார் என்று தும்மல்!

"ஐயோ, நான் பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த நாத்தந்தான்யா மருந்து! மருந்தெல்லாம் காத்துல விட்டுட்டு, வெறும் சுண்ணாம்பத் தண்ணியில கொட்டிட்டு வந்திருக்கேன்!"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தவள், ஓடிப்போன ஆட்டை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டும் சேர்ந்துகொண்டு வந்தது. கந்தப்பன் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தான்.

இன்னொரு டின் வேண்டும். பங்களாவில் கேட்டால் வடிவேல் அப்பு விஷயத்தை ஊதிப் பெரிதாக்கித் துரையிடம் கொண்டுபோவார். கையில் ஒன்றுமில்லை. வீட்டில் விலை போகிற பொருள் என்று பார்த்தால் கூடைக்கடியில் ஒன்று கொக்கரித்தது. கந்தப்பன் அவள் கண் போன திசையைப் பார்த்தான்.

"ஏய், வேணாம்டி."

"ஆடிப்பெருக்குய்யா."

"அதுக்கு என் சேவலா கெடச்சுச்சு?"

"சேவல் இன்னொண்ணு வரும். மண்ணப் போட்டு மூடுன தொட்டி வருமா?"

விடிவதற்கு முன்பே சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதுளைக்கு நடந்தாள். கந்தப்பனும் கூடவே வந்தான், மருந்துக்காக அல்ல, சேவலுக்காக.

பதுளைக் கடைத்தெருவில் முதலில் தம்பையா செட்டியார் கடை. ஊர்க்காரர், விபூதி பூசின நெற்றி, தேன் ஒழுகுகிற பேச்சு. "வாங்க வாங்க, நம்ம ஊருப் பொண்ணு! தொட்டித் தண்ணிக்கா? என்ன இல்ல நம்மகிட்ட?" என்று கடையையே எடுத்து முன்னால் பரப்பினார். படிகாரம் இருந்தது. மயில்துத்தம் இருந்தது. தண்ணீரில் போட்டால் ரோசாப்பூ நிறமாகிவிடும் ஒரு மருந்தும் இருந்தது.

"படிகாரம் கசட்டத்தான் படிய வைக்கும், பச்சைய என்ன செய்யும்? துத்தம் விஷமாச்சே, எங்க பொம்பளைங்க வாயில பட்டா? ரோசாப்பூத் தண்ணியில தொரைமாரு எறங்குனா எந்தக் கலர்ல ஏறுவாங்க?" என்றாள் இராக்கம்மா. கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

தம்பையா அசரவில்லை. திறந்து கிடந்த ஒரு பீப்பாயிலிருந்து வெள்ளைத் தூளை அள்ளிக் காட்டினார். "இது அசல் பிளீச்சிங் பவுடர். மோந்து பாருங்க, பூவாட்டம்! நாத்தமே கெடையாது. சுத்தமான சரக்கு."

நாலு நாளைக்கு முன்னால் என்றால் அவர் காலில் விழுந்து வாங்கியிருப்பாள். இப்போது முகர்ந்தாள். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாக மூக்கை விட்டாள். ஒன்றுமே இல்லை.

"செட்டியாரே, இது எப்பவோ செத்துப்போச்சு. எடுத்து அடக்கம் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டினாள்.

எதிர்க்கடை ஷுக்ரி நானாவுடையது; முஸ்லிம் கடைக்காரரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசாத மனுஷர். இரண்டு டின்னை எடுத்து வைத்தார். ஒன்று துரு ஏறி, மூடியோரம் பொரிந்து கிடந்தது. இன்னொன்று ஈயம் பூசி இறுக அடைத்திருந்தது. இராக்கம்மா இரண்டையும் காதருகே வைத்துக் குலுக்கினாள். துருப்பிடித்ததில் கட்டி கட்டியாக உருண்டது. மற்றதில் மாவு மாதிரி சரசரத்தது.

"நானா, இதுல ஒரு ஓட்டை போடுங்க. மோந்து பாத்துத்தான் வாங்குவேன்."

"புள்ள, இது அத்தர் இல்ல," என்றார் ஷுக்ரி நானா.

"தெரியும். போடுங்க."

ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். இராக்கம்மா மூக்கை வைத்தாள். கண் இருண்டது. ஒரு தும்மல், இரண்டு தும்மல், அப்புறம் கணக்கே இல்லை. தும்மலுக்கு நடுவில் சந்தோஷம் தாங்காமல் கூத்தாடினாள். "இதுதான்! இதுக்குத்தான் உசிரு இருக்கு! யோவ், மோந்து பாருய்யா!" என்று கந்தப்பன் மூக்கில் தேய்க்கப் போனாள். சேவலும் தும்மியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஷுக்ரி நானா ஓட்டையை மெழுகால் அடைத்துக் கொடுத்தார். சேவலை வாங்கிக்கொண்டு, "வாளியில கரைச்சு, தெளிய விட்டு, மேல் தண்ணிய மட்டும் ஊத்து. பொழுது பட்டப்புறம் ஊத்து. வெயில் அதத் தின்னுடும்," என்றார். வெயில் என்ன செய்யும் என்று தனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று இராக்கம்மா நினைத்துக்கொண்டாள். சேவலை அறுக்க மாட்டேன், வளர்ப்பேன் என்று நானா சத்தியம் செய்த பிறகுதான் கந்தப்பன் கடையை விட்டு இறங்கினான்.

அன்று பொழுது பட்டதும் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். பகலெல்லாம் சுவரைத் தேய்த்தாள். செத்துப்போன பாசியை வலையால் அரித்தாள். அடிமதகைக் கொஞ்சம் திறந்து கசடைக் கழித்தாள். பச்சை முதலில் சாம்பலாகியது. அப்புறம் பால் கலந்த மாதிரி. தவளைக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. சனிக்கிழமை காலையில் அவள் படியிறங்கி வந்து பார்த்தபோது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. அடியில் பாவிய கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

துரை வந்தார். குனிந்து பார்த்தார். "குட்!" என்றார். வடிவேல் அப்பு முழங்காலைத் தடவிக்கொண்டார்.

விருந்தாளிகள் வந்தார்கள். ஒரே கும்மாளம். இராக்கம்மா புதருக்குப் பின்னால் வலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குக் குமட்டியது. ஒரு தடித்த துரை வாய் நிறையத் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்துத் தொட்டியிலேயே துப்பினார். இன்னொருத்தர் சுருட்டுச் சாம்பலைத் தட்டினார். தலையில் பூசியிருந்த எண்ணெய் தண்ணீரில் வட்டம் வட்டமாக மிதந்தது. கடைசியாக ஒரு துரைசானி தன் நாயையும் உள்ளே தூக்கிப் போட்டு, அது நீந்துவதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆடிப்பெருக்கு. லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் தலையில் தட்டோடு வந்தார்கள். மஞ்சள், காப்பரிசி, காதோலை, கருகமணி, அரளிப்பூ. பூவம்மாதான் முன்னால். தண்ணீரைப் பார்த்ததும் அவள்கூடக் குனிந்து அடிக்கல்லை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

துரை மேலே வராந்தாவில் துரைசானியோடு நின்றுகொண்டிருந்தார். கொடுத்த வாக்கை மீறவில்லை. ஆனால் பெண்கள் படியில் கால் வைப்பதற்கு முன்பே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"வடிவேல்! இந்த ஆளுங்க குளிச்சு முடிச்சதும் மிச்ச மருந்து முழுசும் தண்ணியில போடு. அப்புறம்தான் நான் இறங்கும்."

பூவம்மா தட்டை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வடிவேல் அப்பு உற்சாகமாக ஓடிப்போய் டின்னைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் தடுமாறினார். டின்னில் ஒன்றுமில்லை.

"காலிங்க தொரை!"

"இராக்கம்மா! மருந்து எங்கே?"

"போட்டுட்டேனுங்க," என்றாள் இராக்கம்மா.

"எப்போ?"

"நேத்துப் பொழுது பட்டப்புறமுங்க. உங்க விருந்தாளுங்க குளிச்சு முடிச்சாங்கல்ல, அதுக்கப்புறம்."

துரை முகம் சிவந்தது. "ஏன்?"

இராக்கம்மா அவரை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது என்று சொன்னேனே, அன்றைக்கும் தெரியவில்லை.

"எச்சி துப்புனாங்க தொரை. நாய வேற எறக்குனாங்க. நாங்க சாமி கும்பிடுற தண்ணிங்க. சுத்தம் பண்ணாம எங்க பொம்பளைங்கள அதுல எப்படிங்க எறக்குறது?"

வராந்தாவில் துரைசானி களுக்கென்று சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டார், அப்படியும் நிற்கவில்லை. துரை விடுவிடுவென்று திரும்பி உள்ளே போய்விட்டார்.

இராக்கம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு பிடி மஞ்சளைத் தண்ணீரில் தூவிக் கும்பிட்டாள். பிறகு படியில் ஒரு கால் வைத்தாள், மறு காலையும் வைத்தாள்.

"எறங்குங்கடி," என்றாள்.